ஒலியைக் கேட்போம், கவனத்தைத் திருப்புவோம்

மனப்பதற்றமும் மனச்சோர்வும் உள்ள மூத்தோருக்கு ஓர் எளிய காதுப் பயிற்சி
(பேரா மாநிலத்தில் வாழும் தமிழ்பேசும் மூத்த குடிமக்களுக்கான நலவுரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அரை நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காதில் என்னென்ன சத்தம் விழுகிறது என்று எண்ணுங்கள். வீட்டில் இதைப் படிப்பவர்களும் தாளைக் கீழே வைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

எத்தனை கிடைத்தன? தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். மரத்தில் மைனா கத்துகிறது. இந்தச் சத்தங்கள் நான் சொல்வதற்கு முன்பே இங்கே இருந்தன. ஆனால் நீங்கள் அவற்றைக் கேட்கவில்லை. உங்கள் காது அப்படியேதான் இருக்கிறது. மாறியது உங்கள் கவனம். நீங்கள் அதை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைத்தீர்கள்.

இன்று நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். கவலை வருவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால், கவனத்தை எங்கே வைப்பது என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. அதைப் பயிற்சியால் வளர்க்கலாம்.

மனம் அசைபோடும்போது

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே பால்மரம் சீவினார், அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். தோட்டம் செம்பனைக்கு மாறியது. பிறகு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது ஈப்போவில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. சின்ன மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவர் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வார்.

ஒருநாள் ஒன்பது மணி தாண்டியும் போன் வரவில்லை. “வேலை முடிய நேரமாகியிருக்கும்” என்று முதலில் நினைக்கிறார். ஒன்பதரை. “மோட்டாரில் வரும்போது ஏதாவது ஆகியிருக்குமோ?” பத்து மணி. நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பைக் கவனிக்கிறார். “எனக்கும் ஏதோ ஆகப்போகிறது” என்று இன்னொரு பயம் சேர்கிறது. பக்கத்து அறையில் பேரப்பிள்ளை சிரிக்கும் சத்தம் அவர் காதில் விழவில்லை. வெளியே மழை பெய்வதுகூடத் தெரியவில்லை. அவருடைய கவனம் முழுவதும் உள்ளே, அந்த ஒரே நினைப்பில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

இவர் ஒருவர் மட்டுமல்லர். இந்த அம்மாவின் கதையில் உங்கள் கதையும் கொஞ்சம் இருக்கலாம்.

மாடு மேய்ந்து முடித்தபின் படுத்துக்கொண்டு அசைபோடும். மாட்டுக்கு அதனால் இரை செரிக்கும். மனம் அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை. “அன்றைக்கு மருத்துவமனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ” என்று நூறு தடவை நினைத்தாலும் நூற்றோராவது தடவை விடை கிடைக்காது. நடந்துபோனதை இப்படி அசைபோடும்போது மனச்சோர்வு கூடுகிறது. நடக்கப்போவதை நினைத்து அசைபோடும்போது பதற்றம் கூடுகிறது.

இது யாருக்கோ வரும் நோய் என்று எண்ண வேண்டாம். சுகாதார அமைச்சு 2018இல் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 11 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது, ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவர். ஒரு திருமணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், புரியும்.

தோட்டத்தில் பழகிய காது

உங்களில் பலருக்கு இந்தப் பயிற்சி புதிதாக இருக்காது. பெயர்தான் புதிது.

பெரட்டுக்கு மணி அடித்தவுடன் எத்தனை ஆழ்ந்த தூக்கத்திலிருந்தும் எழுந்தீர்கள். மண்டை விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் சீவியபோது கண்ணுக்குத் தெரிந்தது கைக்கெட்டிய தூரம்தான். மற்றதையெல்லாம் காதுதான் சொன்னது. சருகு அசைந்தால் அது காற்றா, பாம்பா என்று தெரிந்தது. மேகம் கறுத்தால், அடுத்த நிரையில் மழை இறங்கிவிட்டதா என்று இலைமேல் விழும் சத்தத்தில் கண்டுபிடித்தீர்கள். மங்கில் இருக்கும் பால் வீணாகிவிடக் கூடாதே என்று ஓடினீர்கள். வெயில் காலத்தில் ரப்பர் காய் “படார்” என்று வெடித்துக் கொட்டைகள் சிதறும். சின்னப் பிள்ளைகள் அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்துத்தான் ஓடுவார்கள்.

அதே நேரத்தில் பக்கத்து நிரையில் இருந்த தோழியோடு பேசவும் செய்தீர்கள். தூரத்தில் தண்டல் வரும் சைக்கிள் சத்தத்தையும் விடவில்லை. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, சட்டென்று மாற்றுவது, ஒரே நேரத்தில் பலவற்றில் விரிப்பது ஆகிய மூன்றையும் தினமும் செய்திருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குள் தொலைக்காட்சி முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பழக்கம் துருப்பிடித்துப் போகிறது. பால்கத்தியைப் போலத்தான், தீட்டினால் மறுபடி கூர்மையாகும்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1990இல் இந்த முறையை முதன்முதலில் எழுதி வெளியிட்டார். திடீர்ப் பதற்றத்தால் அவதிப்பட்ட ஒருவருக்கு அவர் இதைக் கற்றுக்கொடுத்தார். 2000இல் அவரும் இன்னொரு மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த நான்கு பேருக்கு இதைப் பயிற்றுவித்துப் பலன் கண்டார்கள். நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதன்பின் பல நாடுகளில் இது ஆராயப்பட்டு, மனநலச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவும் பயன்படுத்தப்படுகிறது. பலருக்கு உதவுகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவும் என்று சொல்ல முடியாது. மருந்துக்கோ மருத்துவருக்கோ இது மாற்று அல்ல.

கவனத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தமிழில் “அவதானம்” என்றாலே கவனம்தான். அவதானக் கலைஞர்கள் சபை நடுவே அமர்ந்து, புலவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள், பாட்டு இயற்றுவார்கள். இடையிடையே மணி எத்தனை தடவை அடித்தது, முதுகில் எத்தனை கல் விழுந்தது என்பதையும் எண்ணிச் சொல்வார்கள். கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு வகை அவதானம் செய்து “சதாவதானி” என்று பெயர் பெற்றார். நமக்கு நூறு தேவையில்லை. ஐந்தாறு சத்தங்கள் போதும்.

பயிற்சி செய்யும் முறை

முதலில் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நேரம் நல்லது. காலைப் பசியாறிய பின்போ, மாலைத் தேநீருக்குப் பின்போ வைத்துக்கொள்ளலாம். சாய்மானம் உள்ள நாற்காலியில், கால் தரையில் படும்படி உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். எதிர்ச் சுவரில் உள்ள நாள்காட்டியையோ ஒரு புள்ளியையோ பார்த்துக்கொண்டிருங்கள்.

சுற்றிலும் ஐந்தாறு சத்தங்கள் வேண்டும். அவை வெவ்வேறு திசையிலிருந்து வர வேண்டும். எடுத்துக்காட்டாக:

• வலப்பக்கம் மெதுவாக வைத்த வானொலி
• இடப்பக்கம் மேசைக் கடிகாரம்
• தலைக்கு மேல் மின்விசிறி
• பின்னால் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம்
• வெளியே பறவை
• தொலைவில் சாலை, அல்லது ரயில்

சத்தம் இனிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரொட்டிக்காரரின் ஹாரன்கூடப் போதும். கடிகாரம் இல்லையென்றால், குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடியில் ஒரு வாளியை வையுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: ஒன்றைப் பிடித்தல் (5 நிமிடம்). ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு நிமிடம் அதை மட்டும் கேளுங்கள். மற்றவை இருக்கட்டும், அவற்றை விரட்ட வேண்டாம். கவனம் வேறெங்காவது போனால் கோபப்படாமல் மறுபடி கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மின்விசிறி, பிறகு வானொலி, பிறகு வெளியே உள்ள பறவை, கடைசியில் தொலைவில் உள்ள சாலை. இப்படி ஒவ்வொன்றாக.

இரண்டாம் படி: மாற்றுதல் (5 நிமிடம்). இப்போது கொஞ்சம் வேகம். ஒவ்வொரு சத்தத்திலும் ஐந்து முதல் பத்து விநாடி மட்டும் நில்லுங்கள். கடிகாரம், சாலை, வானொலி, பறவை, மீண்டும் கடிகாரம், மின்விசிறி. பக்கத்திலிருந்து தூரத்துக்கும், இடமிருந்து வலத்துக்கும் தாவுங்கள். மூன்று படிகளிலும் இதுதான் பலருக்குக் கடினமாக இருக்கும். அதனால்தான் இது பயிற்சி.

மூன்றாம் படி: விரித்தல் (2 நிமிடம்). இனி எதையும் தனியாகப் பிடிக்க வேண்டாம். எல்லாச் சத்தங்களையும் ஒரே நேரத்தில் கேட்கப் பாருங்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள். முதலில் கேட்காத ஒன்று இப்போது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

மொத்தம் 12 நிமிடம். முதல் வாரத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாவிட்டால், ஒவ்வொரு படிக்கும் ஒரு நிமிடம் என்று மூன்று நிமிடம் செய்யுங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம். தினமும் ஒருமுறை, சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

இடையில் கவலை வந்தால்

நிச்சயம் வரும். “மகன் போன் செய்யவில்லையே” என்ற நினைப்பு பயிற்சியின் நடுவிலும் வந்து நிற்கும். அதோடு வாதாட வேண்டாம். அதைத் துரத்தவும் வேண்டாம். துரத்தத் துரத்த அது இன்னும் கிட்டே வரும். வெளியே ஒரு லாரி போனால் என்ன செய்கிறீர்கள்? போகட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். இந்த நினைப்பும் அப்படி ஒரு சத்தம்தான். அது இருக்கட்டும். நீங்கள் கடிகாரத்துக்குத் திரும்புங்கள். பத்துத் தடவை கவனம் போய், பத்துத் தடவை திரும்பி வந்தால், நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை; பத்துத் தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

பலரும் செய்யும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்து, “உடனே அடங்கவில்லையே, இது உதவாது” என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளம் வந்தபின் நீச்சல் பழக முடியாது. நல்ல நேரத்தில் பழகுங்கள். இது தூக்க மாத்திரையைப் போல வேலை செய்வதன்று. கவனத்தைக் கவலையிலிருந்து எடுத்துத் திருப்ப என்னால் முடியும் என்ற தெம்பு மெல்ல மெல்ல வளர வேண்டும்.

இன்னொன்றையும் கேட்பீர்கள்: “அப்படியென்றால், போனவரை மறந்துவிடச் சொல்கிறீர்களா?” இல்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை நினைத்து அழுவது நோயில்லை. பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று அங்கே இல்லையே என்று ஏங்குவதும் நோயில்லை. அந்த நினைவு உங்களுடையது. அது நாள் முழுவதும் உங்களைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும்போதுதான் உதவி தேவைப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

• காது கேட்கும் கருவி இருந்தால் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். காது மந்தமாக இருந்தால் சத்தங்களைக் கிட்டே வையுங்கள். பல நாளாகவே சரியாகக் கேட்கவில்லையென்றால் காதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. காது கேட்காமல் போவதே பலரைத் தனிமையில் தள்ளிவிடுகிறது.
• காதுக்குள் “ஙொய்” என்ற இரைச்சல் இருப்பவர்கள் அதையும் ஒரு சத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தொல்லையாக இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• யாரும் இல்லாதபோது குரல் கேட்பவர்களும், மனநோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது.
• வண்டி ஓட்டும்போதும், அடுப்பு எரியும்போதும் செய்ய வேண்டாம்.
• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, ஒரு பக்கக் கை கால் சோர்தல், வாய் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் “பதற்றம்தான்” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

மூத்தவர்களிடம் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. உடம்பு முழுக்க வலி, பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, மறதி, எரிச்சல், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகப் பிடிக்காமை என்று வேறு முகங்களில் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் மருந்து வாங்கும் அதே கிளினிக்தான். “தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை” என்ற இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சில கேள்விகள் கேட்டு, உங்கள் நிலையைக் கணித்துவிடுவார்கள். தேவைப்பட்டால் ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

பேராவில் பிறந்த நமக்கு ஒரு பயம் உண்டு. “இதையெல்லாம் வெளியே சொன்னால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்.” சின்ன வயதில் நாமே ஒருவரையொருவர் இப்படிக் கேலி செய்திருப்போம். 1911இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. “பஹாகியா” என்றால் மகிழ்ச்சி. மனச்சோர்வு உள்ள பெரும்பாலோர் அங்கே தங்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்துகொண்டே கிளினிக்கில் சிகிச்சை பெறுகிறார்கள். தங்கிச் சிகிச்சை பெறுவோரும் குணமாகி வீடு திரும்புகிறார்கள். அந்தக் கேலியை இனி நம் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காமல் இருப்போம்.

“இருந்து என்ன பயன், போய்ச் சேர்ந்தால் தேவலை” என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். யாரிடமாவது சொல்லிவிடுங்கள். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.  மலாய் பேசத் தயக்கமாக இருந்தால், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ இப்படிச் சொன்னால், “வயசானா இப்படித்தான்” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள். முதல் வாரம் இந்தப் பயிற்சியை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். நீங்கள் சத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் கவனத்தை மாற்றட்டும். பாதிப் பேருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத் துணையே பெரிய மருந்து.

முடிவாக

சின்ன மகனின் போனுக்குக் காத்திருந்த அந்த அம்மாவிடம் திரும்புவோம். ஆறு வாரம் தினமும் பயிற்சி செய்தார் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி ஒருநாள் ஒன்பது மணிக்குப் போன் வரவில்லை. கவலை வராமல் இருக்குமா? வரும். அவர் தாய் அல்லவா? நெஞ்சும் கொஞ்சம் படபடக்கும். ஆனால், இந்தத் தடவை கூரையில் மழை விழும் சத்தமும் காதில் விழுகிறது. பேரன் அடுத்த அறையில் பாடம் படிப்பது கேட்கிறது. எழுந்து போய், அவனுக்கு ஒரு குவளை மைலோ கலக்கிக் கொடுக்கிறார். “சித்தப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்புடா” என்கிறார். அனுப்பிவிட்டுப் பேரன் பக்கத்தில் உட்காருகிறார்.

போன் பத்தரைக்கு வந்தது. அதுவரை அவர் காத்திருந்தார்தான். ஆனால், தனியாக இருட்டில் காத்திருக்கவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் நாற்காலியைப் போடுங்கள். கடிகாரம் எங்கே, மின்விசிறி எங்கே, குயில் எங்கே என்று காதால் தேடுங்கள். நாளைக்கும் தேடுங்கள். முடியவில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள், சேர்ந்து பழகுவோம்.